மழை நாளில் பிள்ளையைக் காட்டு வகுப்புக்கு விடாத பெற்றோரிடம் ஒரு கேள்வி

ஓலைத்தோப்பு | 6 பெப்ரவரி 2025, இரவு 9.40

வணக்கம். நான் வடமேற்கு லண்டனில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டன்டாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். மூன்று வருடமாகப் பள்ளியின் ஃபாரஸ்ட் ஸ்கூல் (காட்டு வகுப்பு) பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கான லெவல் 3 பயிற்சியை முடித்திருக்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். கேள்வி நம் வீடுகளைப் பற்றியது.

நேற்றுப் புதன்கிழமை. காலையிலிருந்து தூறல். இயர் 2 வகுப்பில் (ஆறு, ஏழு வயது) 28 பிள்ளைகள், அதில் ஆறு பேர் தமிழ்ப் பிள்ளைகள். மதியம் வெளியே போகத் தயாராகும்போது பார்த்தால், அந்த ஆறு பேரில் நான்கு பேருக்கு வீட்டிலிருந்து செய்தி வந்திருக்கிறது: "தடிமன், வெளியில் விடவேண்டாம்." நால்வரும் காலை இடைவேளையில் ஓடிப்பிடித்து விளையாடியவர்கள்தான். மற்றவர்கள் பூட்ஸ் போட்டு வரிசையில் நிற்க, இவர்கள் இயர் 1 வகுப்பின் பின்மேசையில் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் எழுந்து வந்து ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து எங்களைப் பார்த்தான். அவன் மூச்சுப் பட்டுக் கண்ணாடியில் வட்டமாகப் பனி படிந்திருந்தது. அந்த வட்டம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பள்ளியின் பின்புறம், பழைய தோட்டக் கொட்டிலுக்கு அப்பால், மரங்கள் அடர்ந்த ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அரை ஏக்கர்கூட வராது. இரண்டு ஓக் மரம், சில ஹொலி, ஹேசல் புதர், ஒரு ஓரம் முழுக்கக் காஞ்சொறி. இயர் 2 பிள்ளைகள் ஒவ்வொரு புதனும் இரண்டு மணி நேரம் அங்கேதான். வெட்டிய மரக்கட்டைகளை வட்டமாகப் போட்டிருக்கிறோம். சிலுவை அடையாளம் போட்டு, அன்றைய நற்செய்தியில் ஒரு வரி வாசித்துத் தொடங்குவோம். பிறகு ஆளுக்கொரு மரத்தடி. ஐந்து நிமிடம் பேச்சுக் கிடையாது. அதன்பிறகு குடில் கட்டுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது, கட்டையைப் புரட்டிப் பூச்சி பார்ப்பது, சில நாள் நெருப்பு மூட்டுவது. முடியும்போது திரும்ப வட்டம். இன்றைக்கு எதற்கு நன்றி சொல்கிறோம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள்.

மழை என்றதும் நம் பிள்ளைகளை ஏன் நிறுத்திவிடுகிறோம்? கோபத்தில் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் என்னால் முடிந்ததைச் செய்வேன்.

ஹாரோ அம்மா | 6 பெப்ரவரி, இரவு 10.25

அக்கா, மறைக்காமல் சொல்கிறேன். அந்தச் செய்தியை அனுப்புகிற ஆட்களில் நானும் ஒருத்தி, வேறு பள்ளிதான் என்றாலும்.

நான் கேர் ஹோமில் இரவு வேலை. அவருக்கு அதிகாலை வேலை. மகள் புதன்கிழமை சேற்றில் தோய்ந்து வந்தால், அந்த உடுப்பை நான் வேலைக்குப் போகும் முன் அலசி, மெஷினில் போட்டு, ஹீட்டரில் விரித்து, அடுத்தநாள் காலைக்குள் காயவைக்கவேண்டும். வீட்டில் ஒரு பெட்ரூம். போன வருடம் சுவரில் பூஞ்சை பிடித்து மகளுக்கு இருமல் மாதக்கணக்கில் நிற்கவில்லை. ஈரத்துணி என்றாலே எனக்குப் பயம். அப்புறம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது? லீவு போட்டால் சம்பளம் இல்லை.

ஊரில் நாங்கள் மழையில் நனையாமலா வளர்ந்தோம்? நனைந்தோம். ஆனால் அங்கே வீட்டில் அம்மம்மா துவாயோடு நின்றா. இங்கே நான் ஒருத்திதான்.

கணக்குப்பிள்ளை | 7 பெப்ரவரி, காலை 7.10

நான் சென்னை, இப்போது லண்டன் சட்டனில் இருக்கிறோம். பொண்ணு கத்தோலிக்கப் பள்ளியில் இயர் 4.

எனக்கு மழை பிரச்சினை இல்லை, நேரம்தான் பிரச்சினை. வருஷத்துக்கு 190 பள்ளி நாள், அதாவது 38 வாரம். வாரம் இரண்டு மணி என்றால் 76 மணி நேரம். கிராமர் பள்ளித் தேர்வு (தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கானது) இயர் 6 தொடங்கும் செப்டம்பரிலேயே வந்துவிடும். கையில் இருப்பது ஒன்றரை வருஷம். மரம் ஏறுவதை வாரக்கடைசியில் நான் பூங்காவுக்குக் கூட்டிப்போய்ச் செய்துவிடலாம். பின்னக் கணக்கை யார் சொல்லித்தருவது? நம் பிள்ளைகளுக்கு இங்கே பின்னணி கிடையாது, சொந்தக்காரன் கிடையாது. மார்க் ஒன்றுதான் கைகொடுக்கும். இதை மனசு வலிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மடு யாத்திரிகன் | 7 பெப்ரவரி, காலை 11.30

மகள், நீ மன்னார் என்றபடியால் உரிமையோடு எழுதுகிறேன். எனக்கு வயது 74. இரண்டு பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான்தான்.

என் கவலை வேறு. பேரன் போன மாதம் வந்து "தாத்தா, பூமி எங்களுடைய அம்மா" என்றான். பள்ளியில் காட்டுக்குள் வட்டமாக இருந்து சொன்னார்களாம். பூமியைக் கும்பிடுவது நம் விசுவாசம் இல்லையே. நாங்கள் படித்த காலத்தில் ஞானோபதேசம் மனப்பாடம். கோவிலில் முழங்காலில் நின்று செபம். நற்கருணைப் பேழைக்கு முன்னால் பேசாமல் இருக்கப் பழக்கினார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு "அருள் நிறைந்த மரியே" முழுக்கச் சொல்லத் தெரியுமுன்னே இலையையும் பூச்சியையும் காட்டினால், கடைசியில் கையில் இலைதான் மிஞ்சும் என்று பயப்படுகிறேன்.

ஓலைத்தோப்பு | 7 பெப்ரவரி, இரவு 9.15

மூன்று பேருக்கும் நன்றி. மூன்றும் உண்மையான காரணங்கள்.

ஹாரோ தங்கச்சி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது, பள்ளி உங்களிடம் கேட்டது நியாயமில்லை என்று தோன்றியது. உடுப்பைக் காயவைக்கும் வேலையை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. எங்களிடம் முன்பு பத்துச் சோடி பூட்ஸ்தான் இருந்தது. இந்த வருடம் பெற்றோர் சங்கம் கேக் விற்ற காசில் தலைமுதல் கால்வரை மூடும் மழைக்காப்பு உடுப்பு முழு வகுப்புக்கும் வாங்கினோம். பிள்ளை சீருடைக்கு மேலே அதைப் போடும். முடிந்ததும் கொட்டிலில் கழற்றிக் கொக்கியில் மாட்டும். கழுவுவது நான். உங்கள் பள்ளியிலும் கேளுங்கள், கேட்க வெட்கப்படவேண்டாம். பிள்ளைகள் குளிரில் நடுங்குவதற்குப் பெரும்பாலும் ஜீன்ஸ்தான் காரணம். பருத்தித் துணி நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். உள்ளே கம்பளியோ பொலியஸ்டரோ போட்டால் போதும். இரண்டு சோடி சாக்ஸ் போட்டு பூட்ஸை இறுக்கினால் கால் இன்னும் குளிரும்; இது நம் அம்மாமார் பலர் செய்வது. தடிமன் வைரஸால் வருவது. ஜன்னல் மூடிய வகுப்பில் 28 பிள்ளைகள் ஒன்றாக இருக்கும்போதுதான் அது சுலபமாகப் பரவும். காற்று பலமாக அடித்தால் கிளை விழும் என்று நாங்களே ரத்து செய்வோம். மழைக்காக நிறுத்துவதில்லை.

கணக்குப்பிள்ளை அண்ணா, போன வாரம் இயர் 4 பிள்ளைகள் பெரிய ஓக் மரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்தார்கள். 310 செ.மீ. வந்தது. திறந்தவெளியில் நிற்கிற மரம் ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. சுற்றளவு பெருக்கும் என்பது இங்கே பொதுவாகப் போடும் கணக்கு. 310ஐ 2.5ஆல் வகுக்கத் தெரியாமல் முழித்தார்கள். ஒரு பெண் "இரண்டையும் இரட்டிப்பாக்கினால் 620, 5" என்றாள். 124 வருடம். 2025இல் 124ஐக் கழித்தால் 1901, விக்டோரியா மகாராணி இறந்த வருடம். அந்தப் பிள்ளைகளுக்கு இனித் தசமத்தைத் தசமத்தால் வகுக்கப் பயமில்லை. இது புது நாகரிகமும் இல்லை. தெற்கு லண்டன் டெட்ஃபோர்டில் மக்மிலன் சகோதரிகள் ஏழைப் பிள்ளைகளுக்காகத் திறந்தவெளி நர்சரியை 1914இலேயே தொடங்கினார்கள். ஃபாரஸ்ட் ஸ்கூல் என்ற பெயரில் இது இங்கே வந்தது 1993இல், சமர்செட் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரிக்காரர்கள் டென்மார்க் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகு. வாரக்கடைசிப் பூங்கா நல்லதுதான், ஆனால் இதற்கு ஈடாகாது. அதே இடம், அதே பிள்ளைகள், வாரம் தவறாமல், எல்லாப் பருவத்திலும். அப்படி இருந்தால்தான் வேலை செய்யும்.

ஐயா, உங்களுக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லவேண்டும்.

"நம் சகோதரி, அன்னை பூமி" என்ற சொல் அசிசி நகர் புனித பிரான்சிஸ் பாடியது. 1225 அளவில், கண்பார்வை ஏறக்குறையப் போன நிலையில் அவர் இயற்றிய படைப்புகளின் பாடல் அது. சூரியனைச் சகோதரன் என்பார், தண்ணீரைச் சகோதரி என்பார், புகழ் முழுக்க ஆண்டவருக்குத்தான். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலுக்குப் பெயரே அந்தப் பாடலிலிருந்துதான் வந்தது. தொடக்கநூல் 2:15இல் ஏதேன் தோட்டத்தைப் "பண்படுத்தவும் பாதுகாக்கவும்" மனிதனை வைத்தார் என்று இருக்கிறது. பூமியைக் கும்பிடச் சொல்லித்தரவில்லை ஐயா. கொடுத்தவர் யார் என்று சொல்லித்தருகிறோம்.

மனப்பாடம் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். பாட நேரத்தில் 10 விழுக்காடு மறைக்கல்விக்கு என்பது ஆயர்களின் விதி. அது வகுப்பறையில் தனியாக நடக்கிறது. ஆனால் மனப்பாடம் செய்த வார்த்தை பிள்ளையின் உள்ளே எங்கே போய் உட்காரும் என்பதை நான் அந்த மரத்தடியில்தான் பார்த்தேன்.

போன நவம்பர். இறந்தவர்களுக்காகச் செபிக்கிற மாதம். பிள்ளைகள் ஹொலி மரத்தடியில் செத்துக் கிடந்த ரொபின் குருவி ஒன்றைக் கண்டார்கள். நெஞ்சுச் சிவப்பு மங்கவில்லை. கால் இரண்டும் சுருண்டிருந்தன. ஒருவரும் கத்தவில்லை. நான் கையுறை போட்டு எடுத்தேன். பிள்ளைகள் சிறு கரண்டியால் குழி தோண்டினார்கள். ஓக் இலையை மெத்தைபோலப் போட்டோம். இறந்தவர்களுக்கான "நித்திய இளைப்பாற்றி" செபத்தை ஆங்கிலத்தில் தொடங்கும்போது ஒரு தமிழ்ப் பிள்ளை என் சட்டையை இழுத்தாள். அவளுடைய அம்மம்மா ஒக்டோபரில் ஊரில் இறந்துவிட்டா. செத்தவீட்டை வாட்ஸ்அப் வீடியோவில் காட்டியிருக்கிறார்கள். பெட்டி மூடும் நேரம் சிக்னல் போய்விட்டது. "அம்மம்மாவின் பெயரையும் இதில் சொல்லலாமா?" என்று கேட்டாள். சொல்லு என்றேன். அவள் சொன்னாள். மற்றப் பிள்ளைகள், போலந்து, நைஜீரியா, கேரளா எல்லோரும், அந்தத் தமிழ்ப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு அவள் இரண்டு கையாலும் மண்ணை அள்ளிப் போட்டாள். பிடி மண் போடுவது என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அன்றும் மழைதான். அவள் அம்மா அன்று அவளை நிறுத்தியிருந்தால்? இதைத்தான் நான் எல்லோரிடமும் கேட்க வந்தேன்.

கண்பார்வை | 8 பெப்ரவரி, காலை 8.50

நான் கண் பரிசோதகர், கிழக்கு லண்டன். செபம், காடு பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. கண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பிள்ளைகள் ஆறு ஏழு வயதிலேயே கிட்டப்பார்வையோடு வருகிறார்கள். சீனாவின் குவாங்சோவில் 12 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. 2015இல் முடிவு வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே வகுப்பு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வெளியே போன பிள்ளைகளில் 30.4 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, போகாதவர்களில் 39.5. கண்ணுக்கு வேண்டியது வெளிச்சத்தின் அளவு. மேகமூட்டமான நாளில்கூட வெளியே உள்ள வெளிச்சம் வகுப்பறை விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் தூறலும் கணக்கில் வரும்.

வைட்டமின் டி மட்டும் வேறு கதை. ஒக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை லண்டன் வெயிலில் நம் தோல் அதைத் தயாரிக்காது. எவ்வளவு நேரம் வெளியே நின்றாலும் சொட்டுமருந்தோ மாத்திரையோ வேண்டும். கறுத்த தோலுக்கு வருடம் முழுக்க யோசிக்கச் சொல்கிறார்கள். கணக்குப்பிள்ளை, பொண்ணுக்குக் கண் பார்த்தீர்களா? 16 வயதுக்குள் இங்கே இலவசம்.

நல்லூரான் | 8 பெப்ரவரி, மதியம் 1.20

நாங்கள் சைவம். வீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பள்ளிதான் என்பதால் சேர்த்தோம், இடமும் கிடைத்தது. வழிபாட்டிலிருந்து பிள்ளையை விலக்கிவைக்கச் சட்டத்தில் எங்களுக்கு உரிமை உண்டு என்று தெரியும். விலக்கவில்லை. மகன் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு நிற்கட்டும், கேட்கட்டும் என்று விட்டோம். கோவிலுக்குள் நடக்கிற பூசையில் அவன் கொஞ்சம் விலகித்தான் நிற்பான். ஆனால் காட்டு வட்டத்தில் எதற்கு நன்றி என்று கேட்டால் அவனுக்கும் சொல்ல இருக்கிறது. "மண்புழுவுக்கு நன்றி" என்று சொன்னானாம். இரவு சாமி அறையிலும் அதையே சொன்னான்.

அக்காவின் கேள்விக்கு என் பதில்: தைப்பொங்கல் அன்று, ஜனவரி 14, விடியப்புறம் பின்வளவில் கல் வைத்துப் பானை ஏற்றினோம். புல்லில் உறைபனி. மகன் வெறுங்காலோடு நின்று பால் பொங்குவதைப் பார்த்தான். அன்றைக்குத் தடிமன் பிடிக்கும் என்று நானோ மனைவியோ யோசிக்கவே இல்லை. அடுத்த நாள், புதன்கிழமை, குளிர் என்று பள்ளிக்குச் செய்தி அனுப்பினோம். இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. நாங்கள் செய்தது பிழை.

இரண்டாம்மாடி | 8 பெப்ரவரி, இரவு 11.05

பிந்தி எழுதுகிறேன், மகன் இப்போதுதான் தூங்கினான்.

அவனுக்கு ஆட்டிசம். வயது ஏழு. வகுப்பில் காதுக்கவசம் போட்டுத்தான் இருப்பான். கதிரை இழுக்கிற சத்தம், மணிச் சத்தம், மதியச் சாப்பாட்டு மண்டபம், எல்லாம் அவனுக்கு அடி விழுவதுபோல. கோவிலில் பாடல் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். நான்கு வருடமாக நாங்கள் குடும்பமாக ஒரு பூசைகூட முழுதாகக் கண்டதில்லை. சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். அதுவும் நம் தமிழ்ப் பூசையில்.

பள்ளியின் காட்டில் அவனுக்கு ஒரு ஹொலி மரம் இருக்கிறது. அதன் கீழே காதுக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துவிடுவான். அதை முதல் தடவை டீச்சர் படம் எடுத்து அனுப்பினா. அவன் காதை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. போன திருவருகைக்காலத்தில், கிறிஸ்மஸுக்கு முந்திய வாரங்களில், பிள்ளைகள் ஐவிக் கொடி அறுத்து வளையம் கட்டியபோது, இவன் தன் பங்குக்கு ஒரு கொத்து ஹொலி கொண்டுவந்து வட்டத்தின் நடுவில் வைத்து "இயேசுவுக்கு" என்றான். ஒரு சொல். அவன் வாயில் அந்தப் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

ஐயா, மடு ஐயா, கோபிக்கவேண்டாம். பேழைக்கு முன்னால் பேசாமல் இருக்கப் பழக்கவேண்டும் என்றீர்கள். என் மகன் பேசாமல் இருக்கப் பழகிய இடம் அந்த மரத்தடி.

ஈப்போக்காரன் | 9 பெப்ரவரி, காலை 6.30

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். ஐந்து நிமிடம் மரத்தடியில் அமைதி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது.

ஜான் மெயின் என்று ஒரு பெனடிக்ட் சபைத் துறவி, லண்டனில் பிறந்தவர். 1950களின் நடுவில் பிரிட்டிஷ் அரசு வேலையில் மலாயாவுக்கு வந்தார். கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவிய நம் தமிழ்த் துறவி சுவாமி சத்தியானந்தாவைச் சந்தித்து, ஒரு சொல்லை உள்ளுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித் தியானம் செய்யும் முறையை அவரிடம் கற்றார். நீ கிறிஸ்தவன், உன் சொல் கிறிஸ்தவச் சொல்லாகவே இருக்கட்டும் என்றுதான் சுவாமி சொல்லிக்கொடுத்தார். பிறகு மெயின் துறவியானார். உங்கள் லண்டன் ஈலிங் மடத்தில்தான் 1975இல் முதல் தியான நிலையத்தைத் தொடங்கினார். அவர் வழி வந்தவர்கள் இப்போது பல நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தருகிறார்கள். 'மாரநாதா', ஆண்டவரே வாரும் என்பதுதான் சொல். வயதுக்கு ஒரு நிமிடம் என்பது அளவு: ஏழு வயதுக்கு ஏழு நிமிடம்.

கோலாலம்பூர்த் தமிழ்ச் சாமியார் ஒருவர் கொடுத்தது லண்டன் வழியாக உங்கள் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. வேறு யாரோ கொண்டுவந்த புதுப் பழக்கம் என்று தள்ளி நிற்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை | 9 பெப்ரவரி, காலை 9.00

இரட்டிப்பாக்கி வகுத்த அந்தப் பெண்ணின் வழியைக் காலையில் என் பொண்ணிடம் கேட்டேன். அவளுக்கு வரவில்லை. ட்யூஷன் போகிறவள். ஒரு கயிறு எடுத்துக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்புகிறோம். கண் பரிசோதனைக்கும் நேரம் வாங்கியாச்சு.

76 மணி நேரம் பற்றி என் கவலை முழுக்கப் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடு யாத்திரிகன் | 10 பெப்ரவரி, மாலை 4.45

இரண்டாம்மாடி மகளுக்கு: உன் மகனைத் திரும்பிப் பார்த்தவர்களில் என்னைப் போன்ற வயதானவர்களும் இருந்திருப்பார்கள். மன்னித்துக்கொள்.

இரண்டு நாள் யோசித்தேன். வருடா வருடம் ஜூலையில் இங்கே வால்சிங்ஹாம் மாதா கோவிலுக்குத் தமிழர் யாத்திரை போகிறேன். ஆயிரக்கணக்கில் நம் சனம். கடைசி ஒரு மைல் வயலோரமாக நடக்கும்போது சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வேன். கல் குத்தும். அந்த ஒரு மைலில் சொல்கிற செபமாலை வீட்டில் கதிரையில் இருந்து சொல்வதுபோல இருக்காது. ஊரில் மடு மாதா கோவிலுக்குப் போன காலத்தில் காட்டுக்குள் குடில் அடித்து, மரத்தடியில் சமைத்து, அங்கேயே படுத்தோம். என் அம்மா எனக்குச் செபம் சொல்லித்தந்தது அந்த மரத்தடியில்தான். பேரனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

மகள், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வருகிறதே, மார்ச் 5. நெற்றியில் பூசும் சாம்பலுக்குப் போன வருடக் குருத்தோலையை எங்கே எரிக்கிறீர்கள்? மாதா படத்துக்குப் பின்னால் என்னிடம் நான்கு ஓலைச் சிலுவை இருக்கிறது. மந்திரித்த பொருளைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

ஓலைத்தோப்பு | 10 பெப்ரவரி, இரவு 8.30

ஐயா, கொண்டு வாருங்கள். இந்த வருடம் பங்குத்தந்தையிடம் கேட்டு, பிள்ளைகளே எரிக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். 26ஆம் தேதி, விடுமுறை முடிந்த முதல் புதன்.

ஓலைத்தோப்பு | 27 பெப்ரவரி, இரவு 10.00

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் ஒரு மணிக்கு ஐயா பேரனோடு பள்ளி வாசலில் நின்றார். இன்னொரு பள்ளிப் பேரன் என்றாலும் தலைமையாசிரியர் உள்ளே விட்டா. ஐயா கையில் ஐஸ்கிரீம் டப்பா, அதற்குள் ஓலை. பள்ளியில் சேர்ந்தவை இங்கே விற்கிற காய்ந்த பட்டை ஓலைச் சிலுவைகள், எல்லாம் ஒரே அளவு. ஐயாவுடையது நம் ஆட்கள் கையால் முடைந்தது, நடுவில் பூப்போல மடித்தது. பிள்ளைகள் அதைக் கையில் வாங்கி, எங்கே மடிப்புத் தொடங்குகிறது என்று தேடினார்கள். ஐயா மரக்கட்டையில் உட்கார்ந்து, ஒன்றைப் பிரித்துத் திரும்ப முடைந்து காட்டினார். ஆங்கிலம் பேசவேண்டிய தேவையே வரவில்லை, விரலைத்தான் பார்த்தார்கள்.

நெருப்புக்கு எங்கள் விதி: எல்லோரும் வட்டத்துக்கு வெளியே, கிட்டப் போகிறவர் ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றித்தான் போகவேண்டும், அவசரமென்றால் பின்னால் எழ வசதி. ஐயா என்னைப் பார்த்து, "முழங்காலில் நிற்கிறார்கள்" என்று மெதுவாகச் சொன்னார்.

ஆஸ்துமா உள்ள இரண்டு பிள்ளைகளைக் காற்று வரும் பக்கமாக, இன்ஹேலர் பையோடு உட்காரவைத்தோம். பாப்பரசர் பிரான்சிஸ் அப்போது ரோமில் ஜெமெல்லி ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவருக்காக ஒரு செபம் சொன்னோம். பழைய இரும்புச் சட்டியில் ஓலையைப் போட்டதும் குப்பென்று பிடித்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. அவ்வளவு ஓலைக்கும் மிஞ்சியது ஒரு பிடி. ஆறியபின் தேயிலை வடியில் சலித்தோம். சாம்பலில் தண்ணீர் கலக்கக் கூடாது, காரம் ஏறித் தோலைச் சுட்டுவிடும். வேண்டுமென்றால் ஒரு சொட்டு எண்ணெய். இதைப் பெரியவர்களே சில இடத்தில் மறந்துவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

சலிக்கும்போது ஒரு சைவப் பிள்ளை மூக்கைக் கிட்டக் கொண்டுவந்து, "எங்கள் வீட்டு விபூதி வெள்ளை, இது ஏன் கறுப்பு?" என்றான். எரித்த பொருள் வேறு என்றேன். "ஆனால் இரண்டும் நெற்றிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வடியைத் தட்டினான்.

காஞ்சொறி ஓரத்து மரப்பட்டையின் பின்னால் பொறிவண்டுகள் ஒட்டிக்கொண்டு குளிர்காலத் தூக்கத்தில் இருந்தன. ஏழு புள்ளிக்காரி ஒன்று. இங்கத்தைப் பழைய சனம் அதை மாதாவின் பூச்சி என்றார்கள், ஏழு புள்ளி மாதாவின் ஏழு வியாகுலம், அதாவது ஏழு துயரம், என்று. ஐயாவுக்கு வியாகுல மாதா பக்தி. பட்டையைத் திரும்ப மூடும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ஆறு தமிழ்ப் பிள்ளைகளில் ஐந்து பேர் வந்தார்கள். ஆறாவது பிள்ளைக்கு உண்மையாகவே காய்ச்சல், தொலைபேசியில் குரலைக் கேட்டேன்.

ஹாரோ அம்மா | 28 பெப்ரவரி, காலை 6.50

இரவு வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் போய்க் கேட்டேன் அக்கா. மழைக்காப்பு உடுப்பு பள்ளியில் இருக்கிறதாம், ஸ்டோர் அறையில் கட்டியபடியே. கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார்கள். புதன்கிழமை மகள் போகிறாள்.

பூட்ஸ் மட்டும் அவள் அளவுக்கு இல்லை. 11 வேண்டும்.

ஓலைத்தோப்பு | 6 மார்ச், இரவு 9.20

விபூதிப் புதன் முடிந்தது. பங்குத்தந்தை பள்ளி மண்டபத்தில் அந்தச் சாம்பலைப் பூசினார். "மண்ணாயிருக்கிறாய்" என்ற இடத்தில் முன்வரிசைப் பிள்ளை ஒன்று தலையாட்டியது. மதியம் எல்லோரும் நெற்றியில் கறுப்போடுதான் காட்டுக்கு வந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் யாரும் இல்லை. ரொபினைப் புதைத்த இடத்தில் அந்தப் பிள்ளை ஒரு கல் வைத்திருக்கிறாள், நான் சொல்லவில்லை. தவக்காலத்துக்கு 14 மரங்களில் சிலுவைப்பாதை எண்களை இந்த வாரம் கட்டத் தொடங்கினோம், ஐந்துவரை வந்திருக்கிறோம்.

ஹாரோ தங்கச்சி, 11ஆம் அளவு பூட்ஸ் ஒரு சோடி இங்கே மிச்சம் இருக்கிறது. நீல நிறம், வலதுகால் குதியில் சின்னக் கீறல், தண்ணீர் போகாது. சனிக்கிழமை பத்து மணிக்கு ஹாரோ பஸ் நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன். சரியா?

ஹாரோ அம்மா | 6 மார்ச், இரவு 9.34

சரி அக்கா. பத்துக்கு நிற்பேன். மகளையும் கூட்டிவருகிறேன், போட்டுப் பார்க்கட்டும்.